வில்ஃப் நடந்தார்

கசாப்புக் கடை ட்ரெவர் வாசல் மணியை அடித்தபோது வில்ஃப் ஓல்ட்ராய்ட் சோபாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயதில் அது லேசான காரியமில்லை. முழங்கால் இரண்டும் தனித்தனியாக முனகின.

"அவர் வீட்ல இல்ல" என்றாள் மனைவி எனிட்.

"டிவியில டெஸ்ட் மேட்ச் ஓடுதே?"

"நான்தான் பாக்கறேன்."

"நீயா? கிரிக்கெட்டுன்னாலே நீ காத தூரம் ஓடுவியே" என்றபடி ட்ரெவர் உள்ளே வந்து, சரியாக அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்தார்.

வில்ஃப் மெல்ல எழுந்தார். சட்டைப் பொத்தான் உருண்டுபோய்விட்டது, தேடிக்கொண்டிருந்தேன் என்றார். ட்ரெவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது தீர்ப்பு.

விஷயம் இவ்வளவுதான். ஆஸ்திரேலியாவோடு மூன்றாவது டெஸ்ட். தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. சனிக்கிழமை காலை எங்கள் ஆள் ஒருவன் ஐம்பது அடித்தான். எதிர்முனையில் நின்றவன் சந்தோஷம் தாங்காமல் கைகுலுக்க நடுப்பிட்சுக்குப் போனான். பந்து இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தது. ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன் சாவகாசமாக ஸ்டம்பைத் தட்டிவிட்டு நடுவரைப் பார்த்தான். ரன் அவுட்.

அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் ஊர் ஸ்டோன்பெக் இரண்டுபட்டுப் போனது. விதி விதிதான், கைகுலுக்குவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளட்டும் என்பது ட்ரெவர் கட்சி. இப்படி ஜெயிப்பதற்குத் தோற்றே தொலைக்கலாம் என்பது தபால்காரர் பிளாக்ஷா கட்சி. யார்க்‌ஷயரில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால்கூட இவ்வளவு பேச மாட்டார்கள்.

இதற்கெல்லாம் வில்ஃபிடம் ஏன் வர வேண்டும்? மைதானத்து ஓரத்தில் கிடக்கும் அந்த ஓக் மரப் பெஞ்சுதான் காரணம். அதிலுள்ள பித்தளைத் தகட்டில் "வில்ஃப் நடந்தார். நன்றியுடன்" என்று பொறித்திருக்கும். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் விடுமுறைத் திங்கட்கிழமையில், ஆஷ்கில் ஊரோடு கோப்பை ஆட்டம். வில்ஃப் கடைசி ஆள். ஆறு ரன் போதும். பந்து மட்டையைத் தாண்டிப் போனது. ஆஷ்கில் விக்கெட் கீப்பர் லம்ப் அதைப் பிடித்து, மட்டையில் பட்டது, அவுட் என்று கத்தினார். எங்கள் பக்கம் பேட்டிங் செய்யும் அணியே தன் ஆளை நடுவராக நிறுத்தும். அன்று நின்றது ட்ரெவர். அவுட் கொடுக்காமல் அவர் கை வெள்ளைக் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் வில்ஃப் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான் அவுட்தான் என்பதுபோலத் தானாக நடந்துவிட்டார். கோப்பை போயிற்று. அடுத்த வசந்தத்தில் பெஞ்சு வந்தது.

அன்று முதல் அவர் ஊருக்கே தராசு. வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த ஆப்பிள் யாருக்குச் சொந்தம் என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் தின்பார்கள். மனுஷன் களைத்துப் போயிருந்தார். ஒரே ஒரு டெஸ்ட் மேட்சை ஐந்து நாளும் நிம்மதியாகப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை.

எனவே ட்ரெவரை அனுப்பிவைக்க, "விதி விதிதான்" என்றார். ஒரு மணி நேரத்தில் பிளாக்ஷா வந்தார். அவரை அனுப்பிவைக்க, "மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே" என்றார். இருவரும் நிறைவாகப் போனார்கள். சாயங்காலம் இருவரும் ஒரே மதுக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே இருவரும் சேர்ந்து வந்து நின்றார்கள். வில்ஃப் யோசித்து, இருவர் சொல்வதிலும் பாதி சரி என்றார். பாதி தப்பு என்றுதான் இருவர் காதிலும் விழுந்தது. இனிமேல் பிளாக்ஷாவுக்குத் தன் கடையில் ஒரு சாசேஜ்கூடக் கிடையாது என்றார் ட்ரெவர். ட்ரெவருக்கு வரும் கடிதத்தை நாய்க்குட்டி கையில்தான் கொடுப்பேன் என்றார் பிளாக்ஷா. நாளைக்கு ஆஷ்கில்லோடு நடக்கும் ஆட்டத்தில் இந்த இரண்டு பேரையும் ஒரே அணியில் இறக்க முடியாது என்று கேப்டன் போன் செய்து அழாத குறையாகச் சொன்னார்.

"நாளைக்குத் தேநீர் இடைவேளையில எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். இப்ப ஆளை விடுங்க" என்று வில்ஃப் தப்பித்தார்.

தப்பிக்கவா செய்தார்? பாதிரியார் அதைத் தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டார். ஆஷ்கில்லிலிருந்தும் கூட்டம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. திங்கள்தான் டெஸ்ட்டின் கடைசி நாள்.

வில்ஃப் டிவியை அணைத்துவிட்டு எனிட் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"எந்த உண்மையை?"

"அன்னைக்குப் பந்து மட்டையில படவே இல்ல."

எனிட் தேநீரைக் கீழே வைத்தாள்.

அன்றும் டெஸ்ட்டின் கடைசி நாள்தானாம். ஒரே விக்கெட் பாக்கி, இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் நேரம். வீட்டில் ரேடியோ. மைதானத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்தால் அரை மணி ஆகும், நடந்தால் ஏழு நிமிஷம். லம்ப் கத்தியதும் கால் தானாகக் கிளம்பிவிட்டது. எல்லைக்கோட்டருகே நின்ற லம்பின் பச்சைக் காரைத் தாண்டியதும் ஓட்டமே எடுத்தார். வீட்டில் ரேடியோவைத் திருகினால் பேட்டரி செத்துக் கிடந்தது.

"திட்ட வருவாங்கன்னு அன்னைக்குப் பூரா திரைக்குப் பின்னாடி நின்னேன். ஒரு பய வரல. அவ்வளவு பெரிய மனசு. அவங்களைத்தான் இத்தனை வருஷமா ஏமாத்திட்டிருக்கேன்."

"சொன்னா பெஞ்சைப் பிடுங்கிடுவாங்க, வில்ஃப்."

செத்த பிறகு ஊர் தன்னை நினைக்க அந்தப் பெஞ்சு ஒன்றுதான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். பிள்ளை குட்டியும் கிடையாது.

"பிடுங்கட்டும். எனக்கு அலுத்துப்போச்சு" என்றார்.

திங்கட்கிழமை பெவிலியனில் நிற்க இடமில்லை. வெள்ளரிக்காய் சாண்ட்விச் தட்டுகளைத் தாண்டி வில்ஃப் எழுந்து நின்றார். யார் நேர்மை, யார் நேர்மையில்லை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று ஆரம்பித்து, மட்டை, ரேடியோ, பேட்டரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

ட்ரெவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாக்ஷாவின் முகம் சிவந்திருந்தது. ஆஷ்கில் கிழவர் லம்ப் காலிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். இத்தனை வருஷத்து மரியாதை ஐந்து நிமிஷத்தில் போயிற்று என்று வில்ஃபுக்குப் புரிந்தது.

"பெஞ்சை இன்னைக்கே எடுத்துடுங்க" என்றார்.

ஐம்பது வருஷமாக எங்களுக்கு ஸ்கோர் எழுதும் ஐவி க்ராப்ட்ரீ, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அதை ஏன்டா எடுக்கணும்? நீ அந்தண்டை போனதும் மிச்சமிருந்த இருபத்தொரு பேரும் லம்போட கார் ரேடியோகிட்ட விழுந்தடிச்சு ஓடி, அந்தக் கடைசி விக்கெட்டை முழுசாக் கேட்டதுக்குத்தானே உனக்கு அந்த நன்றி."