மணவறையில் ஒரு வாத்து

உடம்பில் நோ வருவதற்கென்று சில மரியாதையான இடங்கள் இருக்கின்றன. தலை, பல், முழங்கால். யார் கேட்டாலும் தொட்டுக் காட்டலாம். எனக்கு வந்ததோ முதுகெலும்பு முடிகிற இடத்தில், அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே. (இதற்குமேல் விளக்கமாட்டேன். என் மாமியாரும் இதை வாசிப்பார்.)

கொக்குவில் வீட்டில் இருந்தபடியே கணினி வேலை செய்த காலம் அது. காலையில் கதிரையில் இருந்தால் சாப்பிடத்தான் எழும்புவேன். அக்காவின் கலியாணம் நெருங்கிய நேரம் பார்த்து அந்த இடம் வீங்கி, கதிரையைக் கண்டாலே கண்ணீர் வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் டொக்டரிடம் போனேன். அவர் பெண் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

"முடி தோலுக்குள்ளை இறங்கிக் கட்டியாகிச் சீழ் பிடிச்சிருக்கு," என்றார். "வேர்வை, முடி, எந்த நேரமும் கதிரை, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. கெதியாய்க் கீறிச் சீழ் எடுக்கோணும். பிறகு புண் ஆறுமட்டும் மருந்து கட்டோணும்."

"கலியாணம் முடியட்டும் டொக்டர்."

"உம்மடை கலியாணமோ?"

"இல்லை, அக்காவின்ரை. நான் தோழன்."

"அப்ப இருக்காமல் நிண்டுகொண்டு செய்யும்," என்று குளிசை எழுதித் தந்தார்.

தோழன் எப்படி நிற்பது? எங்கள் கலியாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வந்து, மணவறையில் அவர் பக்கத்தில் சம்மணம் கட்டி இருக்கவேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. சொன்னால் அவள் அழுவாள், சொல்லாவிட்டால் நான் அழுவேன். நானே அழுகிறேன் என்று தீர்மானித்தேன். (அப்போது எனக்குத் தியாகம் என்றால் ஒரு பிரியம்.)

சித்தியின் பிள்ளைகளிடம் நீந்துவதற்கான காற்று வளையம் ஒன்று இருந்தது. முன்னால் வாத்துத் தலை, நடுவில் ஓட்டை. நோகிற இடம் அந்த ஓட்டைக்குள் பத்திரமாக இருக்கும். வாத்தின் தலையை மடித்து ஒட்டி, மணவறையில் என் இடத்துப் பட்டுத் துணிக்கடியில் முன்னதாகவே வைத்துவிட்டேன். கால் கழுவி வந்து அதன்மேல் இருந்தபோது, சொர்க்கம்!

கன்னிகாதானம் வந்தது. ஐயர் மேளத்தை நிறுத்தச் சொல்லி, இரு வீட்டுப் பாட்டன் பூட்டன் பெயர்களை ஒலிவாங்கியில் சொல்லத் தொடங்கினார். மண்டபமே அமைதி. மாப்பிள்ளையின் பூட்டனார் பெயர் வந்த இடத்தில் வாத்தின் மூடி கழன்றது.

பூ...ர்ர்ர்ர்ர்.

நான் அடக்கப் பார்த்து அசைய அசைய, அது ஏற்ற இறக்கத்தோடு நீண்டது. ஒலிவாங்கி அதை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் எழும்பினார். "ஆரடா அது? எங்கடை பூட்டனின்ரை பேர் சொல்லேக்கை!"

அக்காவின் முகம் வெளிறிப்போனது. என்னால் அவளுடைய கலியாணம் குழம்பப்போகிறது என்று எனக்கு உயிரே போய்விட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எல்லாச் சத்தமும் கீழேயே போய்க்கொண்டிருந்தது.

அப்போது மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி சொன்னார். "நான்தான் பெரியப்பா. ராத்திரி பலாப்பழம் கொஞ்சம் கூடிப்போச்சு."

அவர் பலாப்பழத்துக்குப் பேர்போன சாவகச்சேரிக்காரர். யார்தான் நம்பமாட்டார்கள்? தங்கள் வீட்டுப் பிள்ளை என்றதும் பெரியப்பா சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். ஐயர் பூட்டனாரை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மாப்பிள்ளை, அதுதான் என் அத்தான், என் காதில், "தம்பி, முடிஞ்சுதோ, இன்னும் கிடக்கோ?" என்றார்.

கலியாணம் முடிந்த கையோடு கட்டியைக் கீறினார்கள். புண் ஆறும்வரை மருந்து கட்டுவதற்கு என்னைக் கூட்டிப்போனதும் அத்தான்தான். மனம் கேட்காமல் வீட்டில் எல்லோருக்கும் உண்மையைச் சொன்னேன். கலியாண வீடியோவையும் போட்டுக் காட்டினேன். நான் மெல்ல மெல்லப் பதிந்து போவது அதில் தெளிவாகத் தெரியும்.

"அது நீ வெக்கத்திலை குறுகினது," என்றார் அம்மா. "அத்தானைக் காப்பாத்த ஏன் ராசா பொய் சொல்லுறாய்?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பலாப்பழம் வெட்டினால், "அவருக்கு வேண்டாம், அவருக்கு ஒத்துக்கொள்ளாது," என்று அம்மா அத்தானுக்கு மட்டும் வாழைப்பழம் கொடுப்பார். அத்தான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே என்னைப் பார்ப்பார். அவருடைய பங்கையும் சேர்த்து, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து, நான் சாப்பிடுவேன்.