ஏற்காட்டுக்கு வராத வியாதி

"சீதபேதிக்கு என்ன நம்பர், தங்கம்மா?"

"இருநூறுங்களா, சார்?"

"ஆறு!"

"அந்த அவஸ்தைக்கு வெறும் ஆறுதானுங்களா?"

ஏற்காடு ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு கிளார்க் பெரியண்ணன் மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். அது 1980 ஜனவரி. பதிவேட்டில் இனி வியாதியின் பெயருக்குப் பதிலாக எண்ணைத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பத்தாம் நாள் சேலத்திலிருந்து அதிகாரி வந்து ஊழியர்கள் எல்லோரையும் சோதிப்பார். அதற்குள் அவர்களைப் பழக்குவது பெரியண்ணன் பொறுப்பு.

சோதனையில் தோற்றால் தன்னைச் சேலத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் திகில். முன்பு இரண்டு வருஷம் அங்கே இருந்தவர். அந்த இரண்டு வருஷமும் ஜன்னல் கம்பியில் முதுகைத் தேய்த்தே கழிந்தது. அப்படி ஒரு வேர்க்குரு. ஏற்காடு பஸ் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, முதல் மூடுபனி ஜன்னல் வழியே வந்து தொட்டபோதுதான் அவர் முதுகு அமைதியடைந்தது.

"சார், அந்த ஆபீசரோட ஜீப் டிரைவரு எங்க செம்மநத்தத்துக்காரருங்க. அவரு என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தாள் ஆயா தங்கம்மா.

"ஊர்க்கதை வேண்டாம். நம்பர் மட்டும் பேசு!"

கம்பவுண்டர் ஷேக் தாவூத் நானூறு மருந்துப் பாட்டில்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர். அவருக்கும் ஒரு நம்பர்கூட மண்டையில் ஏறவில்லை.

"வேர்க்குரு?" என்றார் பெரியண்ணன்.

"அது இந்த மலைக்கே வராதுங்களே. அதுக்கெதுக்கு நம்பர்?"

"எழுநூத்தி அஞ்சு! எழுதிக்குங்க!"

ஆஸ்பத்திரிக்குள் இனி யாரும் வியாதியின் பெயரைச் சொல்லவே கூடாது என்று பெரியண்ணன் சட்டம் போட்டார். எஸ்டேட் ஆட்களுக்குத் தரும் லீவு சீட்டிலும் நம்பர் மட்டும்தான்.

இரண்டாம் நாள், கொட்டச்சேடு எஸ்டேட்டில் காபி பறிக்கும் அமுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, எந்திரிச்சு நிக்க முடியலீங்க. சீட்டுல ஆறுன்னு போட்டீங்க. ரைட்டர் பாத்துட்டு அரை நாள் லீவு குடுத்தாரு. பக்கத்து ஊட்டு தனலட்சுமிக்கு வெறும் தலைவலி. எழுநூத்தி எண்பத்தி நாலாம்! ஒரு வாரம் லீவு வாங்கிட்டு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கறா!"

நம்பர் பெரிதானால் வியாதியும் பெரிது என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் முடிவு கட்டியிருந்தார்.

மறுநாள் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது.

"எனக்கு எழுநூறுக்கு மேல ஏதாச்சும் பாத்துப் போடுங்க, சாமி."

"தேள் கொட்டிருச்சுங்க" என்றார் ஒரு கிழவர். பட்டியலிலேயே பெரிய நம்பர் அதுதான், தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது.

"எங்கே கொட்டுச்சு?"

"இனிமேத்தானுங்க கொட்டணும்."

பெரியண்ணன் பட்டியலில் இருந்த நாற்பது வியாதிகளையும் அவற்றின் நம்பர்களையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினார். எது எதுவென்று தெரிந்துகொள்ளட்டும். அப்போதும் எல்லோரும் தேளையே கேட்டார்கள். உடனே அடுத்த சட்டம் வந்தது. தான் கேட்கும் வியாதிக்கெல்லாம் நம்பரைச் சரியாகச் சொல்பவருக்கே சீட்டு.

ஒரே வாரம். காபிப் பழம் பறிக்கும் பெண்கள் நாற்பது நம்பரையும் ராகம் போட்டுப் பாடினார்கள். மலை முழுக்கத் தெரிந்துவிட்டது, ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தவிர.

"சார், அந்த டிரைவரு..." என்று தங்கம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"நம்பர்!"

பத்தாம் நாள் ஜீப் வந்தது. அதிகாரி கம்பவுண்டரிடம் திரும்பினார்.

"தலைவலிக்கு?"

"நாப்பதுங்களா?"

நர்ஸ் சரஸ்வதி தேள்கடிக்கு மூன்று என்றாள். அதிகாரி தங்கம்மாவைப் பார்த்தார். "சளிக்கு?"

"தைலமுங்க."

பெரியண்ணனுக்கு முதுகு மெல்ல அரிக்க ஆரம்பித்தது. அப்போது பெஞ்சிலிருந்து அமுதாவின் குரல் கேட்டது. "நானூத்தி அறுபதுங்க!"

அதிகாரி வியப்போடு அடுத்தடுத்துக் கேட்டார். வரிசை முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது.

"இவங்களுக்கெல்லாம் யாருய்யா சொல்லிக் குடுத்தது?"

"நான்தானுங்க" என்று முன்னால் வந்த பெரியண்ணன், நாற்பதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிறகு கடைசியிலிருந்து தலைகீழாகவும் ஒப்பித்தார்.

அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினேழு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டேன். உருப்படியா ஒருத்தர்கூடக் கிடைக்கல. ஜில்லா முழுக்கப் பழக்கிவிட சேலத்துல ஒரு ஆளைப் போடணும். மூணு வருஷம். திங்கட்கிழமையே வந்து சேந்துருங்க!"

ஜீப் போய்விட்டது. பெரியண்ணன் தூணில் சாய்ந்தார். அவரை அறியாமலே முதுகு தூணில் மேலும் கீழும் உரசிக்கொண்டிருந்தது.

தங்கம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

"நல்லாப் பதில் சொல்ற ஆளைக் கீழ கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு டிரைவரு சொன்னாருங்க. அதுக்குப் பயந்துதானுங்க நாங்க அத்தனை பேரும் தப்புத் தப்பாச் சொன்னோம். உங்ககிட்டயும் சொல்லத்தான் வந்தேன். நீங்க நம்பர் மட்டும் பேசச் சொன்னீங்க."

அவர் முதுகை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, பரிவோடு சொன்னாள்:

"எழுநூத்தி அஞ்சுங்க, சார்."