அம்மாமண்டபத்தில் ஒரு கொழுத்த கன்று

அன்னிக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையில உக்காந்து ஒரு கதை சொல்லிட்டு வரணும்.

வெள்ளைக்காரன் காலம். திருச்சி கண்டோன்மெண்ட் மிஷன்ல நான் தற்காலிக உபதேசியார். ஊர் ஊராப் போய் சுவிசேஷம் சொல்ற வேலை. வேலை நிரந்தரமானாத்தான் பொண்ணு தருவேன்னு மாமா ஒரே பிடியா நின்னார். நிரந்தரம் பண்ண வேண்டியவர் எங்க மிஷன் துரை. "ஸ்ரீரங்கத்தில் நீர் பிரசங்கிப்பதை நான் காண வேண்டும். பிறகு சொல்கிறேன்"னுட்டார்.

துரைக்குத் தமிழ் நல்லாவே வரும். ஆனா முழுக்க வேதாகமத்துலேர்ந்து படிச்ச தமிழ். அதுல ஒரு எழுத்து மாத்திச் சொன்னாலும் முகம் சிவந்துடும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "அய்யா, அங்க வெறும் பிரசங்கம் எடுபடாது. பவுல் அப்போஸ்தலர் சுவிசேஷம் சொல்லப் போன இடத்துல யூதர்கிட்ட யூதர் மாதிரியும் மத்தவங்ககிட்ட அவங்க மாதிரியும் பழகினார் இல்லையா? நாம பாட்டும் கதையுமா காலட்சேபம் பண்ணுவோம்"னேன். துரைக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. எனக்குத் தலைகால் புரியல.

சாயங்காலம் ஆர்மோனியத்தோட குதிரை ஜட்காவுல போய் இறங்கினோம். ஜரிகை வேட்டி, மேல்துண்டு. பாகவதர் தோத்தார் போங்க! துரை பக்கத்துல மடக்கு நாற்காலி போட்டு, மடியில வேதாகமத்தை விரிச்சு வச்சுக்கிட்டார்.

வேதாகமத்துல வர்ற கெட்டுப்போன பிள்ளை கதையை எடுத்தேன். அப்பாகிட்ட சொத்தைப் பிரிச்சு வாங்கிக்கிட்டு ஓடி, எல்லாத்தையும் அழிச்சு, பன்னி மேய்ச்சு, கடைசியில வீடு திரும்பற பிள்ளை. குளிக்க வந்த கூட்டம் அப்படியே உக்காந்துருச்சு.

"பேஷ், பேஷ்! எங்காத்துக் கதை மாதிரின்னா இருக்கு!"ன்னார் முன்வரிசையில ஒரு அய்யங்கார்.

பக்கத்துல ஒரு மாமி கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "அந்தப் பிள்ளை ஆத்துக்கு வந்துடுவானோல்லியோ? சீக்கிரம் சொல்லுங்கோ!"ன்னாங்க.

வந்துட்டான் மாமி! அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கிட்டார். புது வஸ்திரம் போட்டார், மோதிரம் போட்டார். அடுத்து...

அடுத்து என்னன்னு அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

கதைப்படி, அடுத்து அப்பா கொழுத்த கன்னுக்குட்டியை அடிச்சு விருந்து வைக்கிறார். இதை ஸ்ரீரங்கத்துல, காவேரிக் கரையில, அய்யங்கார் கூட்டத்துக்கு நடுவுல நான் எப்படிச் சொல்றது? உபதேசியாருக்குப் படிச்சவனுக்கு இது முன்னாடியே உறைக்க வேண்டாமா!

ஆர்மோனியத்துல வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிச்சேன்.

"ஏன் நிறுத்திட்டேள்?"ன்னார் அய்யங்கார்.

"கன்னுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, பசுவைக் கறந்து, பால் பாயசம் வைக்கச் சொன்னார்!"னு போட்டேன் ஒரு போடு.

கூட்டம் சொக்கிப் போச்சு. "குங்குமப்பூ போட்டாளோ?"ன்னாங்க மாமி.

"போடாம?"ன்னேன்.

நாற்காலி கிறீச்சுன்னுச்சு. துரை எழுந்துட்டார். விரல் இன்னும் அந்த வசனத்து மேலயே இருக்கு.

"அன்பானவர்களே! இவர் தவறாகச் சொன்னார். பாயசம் அல்ல. கன்றை அடித்தார்கள். அடித்துப் புசித்தார்கள். மிகவும் சந்தோஷமாயிருந்தார்கள்!"

"பெருமாளே!" மாமி காதைப் பொத்திக்கிட்டாங்க.

அய்யங்கார் துண்டை உதறித் தோள்ல போட்டார். "ஏன் ஓய், இவாளுக்காகவா இத்தனை நாழி அழுதோம்?"

மொத்தக் கூட்டமும் மறுபடி தலைமுழுக ஆத்துல இறங்கிருச்சு. படியில மிச்சம் நானும் துரையும் ஆர்மோனியமும்தான்.

ஜட்காவுல திரும்பினோம். பாலம் தாண்டினப்புறம், "வேத வசனத்தை ஏன் மாற்றினீர்?"னார்.

கல்யாணம் காவேரியோட போச்சுன்னு நினைச்சேன். அழுகையே வந்துருச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அய்யா, நான் கறி தின்னு அதைப் பார்த்து சகோதரன் மனசு இடறுவான்னா இனி கறியே தொடமாட்டேன்னு பவுல் எழுதலையா? அவர் சாப்பாட்டுல விட்டதைத்தான் நான் கதையில விட்டேன்."

துரை வேதாகமத்தைப் புரட்டி அந்த இடத்தைத் தேடிப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "மெய்தான். இன்று அந்த ஜனங்களுக்கு இடறலானவன் நானே. உமது வேலை நிரந்தரம்"னார்.

எனக்குக் குதிரையைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுக்கலாம் போல இருந்துச்சு.

"ஸ்ரீரங்கத்துக்கு இனி நீரே போவீர். பவுல் செய்தபடியே, என்றைக்கும்"னும் சேர்த்துக்கிட்டார். இருந்த சந்தோஷத்துல அதை நான் காதுல வாங்கல.

தை மாசம் கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்துல துரை சம்மணம் போட்டு உக்காந்திருந்தார். ஆட்டுக்கறி வாளியோட மச்சான் என் இலைகிட்டக் குனிஞ்சான். துரை கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம். உபதேசியார் விட்டுவிட்டார்."

என் கல்யாணத்துக்கு நான் கத்தரிக்காய் சாப்பிட்டேன்.