ஆட்டோவில் எடுக்காதவர்

மேனுவல்காரர் என்றொரு இனம் உண்டு. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரே நிற்பவர்கள் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்துப்போகும்வரை வெளிச்சம், வேகம் என்று எதையோ தன் கையாலேயே திருகிக்கொண்டிருப்பாரே, அவர்தான். "ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் கேக்கில் மெழுகுவர்த்தி உருகி ஊற்றிவிடும், மடியிலிருக்கும் குழந்தை தூங்கியெழுந்து அழவும் தொடங்கிவிடும், மாமனார் பொறுக்கமாட்டாமல் சாப்பிடப் போய்விடுவார். எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோவில் வைத்து எடுத்தால் என்ன? கேட்டுத்தான் பாருங்களேன்!

"ஆட்டோவா? அது கேமரா எடுக்கிற போட்டோங்க. நான் எடுக்கிறது இல்ல."

அப்படிப்பட்ட ஒரு பல் மருத்துவர், மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனார். மகள் மூன்றாம் வகுப்பு. வாழ்க்கையிலேயே முதல் ஓட்டப் பந்தயம். "அப்பா, நான் ஓடுறத நீங்க பாக்கணும்" என்று ஒரு வாரமாக நச்சரித்திருந்தாள். பார்ப்பதென்ன, சுவரில் மாட்டுகிற மாதிரி எடுத்தே காட்டுகிறேன் என்று இவர் மனசுக்குள் சபதம் போட்டிருந்தார். மைதானத்தில் மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தால் ஒரு திருகு, போனால் ஒரு திருகு. விசில் ஒலித்தது. குனிந்த தலை நிமிர்வதற்குள் கைதட்டலே ஓய்ந்துவிட்டது. எடுத்த ஒரே படம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

மகள் ஓடி வந்தாள். மனிதருக்கு வாய் முந்திக்கொண்டது.

"பாத்தேன்டா கண்ணு! என்னமா ஓடின!"

"அது ரெண்டாம் கிளாஸ்ப்பா. நாங்க இனிமேதான் ஓடணும்."

பக்கத்திலிருந்த மனைவி அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி, ஆட்டோவுக்குத் திருப்பினார். "நீங்க புள்ளையப் பாருங்க. அது போதும்."

பார்த்தார். மகள் கோட்டைத் தாண்டியபோது அவரே துள்ளிக் குதித்தார். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது, பாவம். மனைவி எடுத்த படமும் பிரமாதமாக விழுந்திருந்தது. இரண்டு காலும் தரையில் இல்லை, வாயெல்லாம் பல்.

"நல்லாருக்காப்பா?" என்றாள் மகள்.

ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உற்றுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு... மேனுவல்ல எடுத்திருந்தா பின்னாடி கொஞ்சம் மங்கலா வந்திருக்கும்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே, 'ஓட்டப் பந்தயத்துக்கு ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு மேலல்லவா வைத்திருக்க வேண்டும்' என்று மனசுக்குள் கணக்குப் போட்டீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடி முடித்து எவ்வளவு நேரமாயிற்று?