என் மேற்படிப்புக்கு ஒரு ஜெபக்கூட்டம்

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவது எங்கள் சபைக்காரர்களுக்குக் கைவந்த கலை. மருமகள் தாமதமாக எழுந்திருக்கிறாள் என்று மருமகளிடம் சொல்ல மாட்டார்கள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ஆண்டவரே, அதிகாலையில் எழும்பி உம்மைத் தேடும் பிள்ளைகளாய் எங்களை மாற்றும்" என்று உருகுவார்கள். அவளும் வாயைத் திறக்க முடியாது. ஏனென்றால் ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. (இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் யாரும் மீறியதாகவும் கேள்விப்பட்டதில்லை.)

நான் பிளஸ் டூ முடித்த வருடம் எனக்காகவே எங்கள் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. வீடு கந்தர்வக்கோட்டையில். அப்பா டூவீலர் மெக்கானிக். அப்பாவின் செல்போனுக்கு ரிசல்ட் வந்தபோது அவர் கையெல்லாம் கிரீஸ், நான்தான் பார்த்துச் சொன்னேன். மார்க் பிரமாதமும் இல்லை, மோசமும் இல்லை. பிரமாதமாக இருந்தால் டாக்டர் என்று முடிந்திருக்கும். மோசமாக இருந்தால் கல்யாணம் என்று முடிந்திருக்கும். இரண்டுங்கெட்டானாக வந்ததால் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

எனக்கென்று ஓர் ஆசை இருந்தது. அதை வெளியே சொல்லும் தைரியம்தான் இல்லை. அந்தக் காலத்தில் நான் எல்லாவற்றையும் கேட்பேன். மின்மினி எப்படி எரிகிறது, முந்திரிக்கு ஏன் கொட்டை வெளியே தொங்குகிறது, ஜெபிக்கும்போது ஏன் கண்ணை மூட வேண்டும் என்று வாய் ஓயாது. 'நீ என்ன படிக்கப் போற?' என்று திருப்பிக் கேட்டால் மட்டும், "நீங்க சொல்றதுதான்" என்று தலையைக் குனிந்துகொள்வேன். அவ்வளவு நல்ல பிள்ளை!

"குழப்பமா இருக்குல்ல, ஜெபத்துல வச்சிருவோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரான பெரியப்பா வந்தார். அப்பாவின் அக்காவான எஸ்தர் அத்தை புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். பாஸ்டர் நடுவில் உட்கார்ந்தார். சமையலறையில் அம்மா முந்திரி அள்ளிப்போட்டுக் கிண்டிய கேசரி மூடிவைத்திருந்தது. பாட்டு முடிந்ததும் கண்களை மூடினோம். (மற்றவர்கள் மூடினார்கள். யார் யார் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க எனக்கு ஒரு கண் தேவைப்பட்டது.)

பெரியப்பா ஆரம்பித்தார். "அன்பின் பிதாவே, பெண்பிள்ளைகளுக்கு ஏற்ற ஆசிரியப் பணியை இந்தப் பிள்ளைக்குத் தாரும். பி.எட். வரைக்கும் வழிநடத்தும்."

பாஸ்டருக்கு ஒரு பழக்கம். ஜெபிக்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் அவர் "ஆம் ஆண்டவரே" என்பார். சொன்னார்.

அத்தை கனைத்துக்கொண்டு தொடங்கினாள். "வியாதியஸ்தரைத் தொட்டுச் சுகமாக்கின தேவனே, இந்தப் பிள்ளையின் கைகளையும் நர்சிங் ஊழியத்துக்கு எடுத்துப் பயன்படுத்தும்."

"ஆம் ஆண்டவரே."

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது சுற்றுக்கு வந்தார். "நைட் டூட்டி இல்லாத, பாதுகாப்பான வேலையைக் கட்டளையிடும் ஆண்டவரே."

அத்தை விடுவாளா? "பி.எட். முடிச்சும் வேலை கிடைக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளையும் இந்த நேரத்தில் நினைத்தருளும் ஆண்டவரே" என்றாள். பெரியப்பாவின் மகள்தான் பி.எட். முடித்து வீட்டில் இருந்தாள். பெரியப்பாவின் மூடிய இமைகள் துடித்ததை நான் என் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

அம்மா, "ஊரார் பழிக்காத ஒரு வழியைக் காட்டும்" என்று அழுதாள். அப்பா எப்போதும் சத்தமாக ஜெபிக்க மாட்டார். அன்றும் "ஸ்தோத்திரம்" என்று முனகியதோடு சரி.

"இப்ப பிள்ள ஜெபிக்கட்டும்" என்றார் பாஸ்டர். யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அந்த ஆள் கடைசியில் இரண்டு வரி ஜெபிப்பது வழக்கம். 'உம்முடைய சித்தம் ஆகக்கடவது' என்று சொல்லி முடித்திருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. இந்த வீட்டில் என்னை யாரும் குறுக்கே பேசாமல் கேட்கப்போகிற ஒரே நேரம் இதுதான்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று வேதாகமத் தமிழில்தான் தொடங்கினேன். அதற்கு மேல் அந்தத் தமிழ் கைகொடுக்கவில்லை. "எனக்கு நர்சிங் வேணாம் ஆண்டவரே."

"ஆம் ஆண்டவரே" என்றார் பாஸ்டர்.

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்னு ஒமக்குத் தெரியும். மீன் கழுவுறப்பவே விழுந்திருக்கேன். அம்மாவுக்கும் தெரியும். ஆனா நர்ஸுக்குப் படிச்சா அத்த மகன் சாம் மச்சானுக்குக் கட்டிவச்சு துபாய்க்கு அனுப்பிரலாம்னு எஸ்தர் அத்தையும் அம்மாவும் போன்ல பேசி முடிச்சிட்டாங்க. அப்பாட்ட அப்பறமாச் சொல்லிக்கிரலாம்னு அம்மா சொன்னுச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது ஆண்டவரே."

"ஆம் ஆண்ட..." என்று பாஸ்டர் பாதியில் நிறுத்தினார்.

எஸ்தர் அத்தையின் முக்காடு நழுவியது. அம்மாவின் கை என் தொடையைத் தேடி வந்து நறுக்கென்று கிள்ளியது. (கிள்ளுவதற்குத் தடை ஏதும் இல்லை.) நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே! மடை திறந்துவிட்டது.

"போன வருசம் ஸ்கூல்ல குடுமியான்மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்கள்ல, நான் பஸ்லயே இருந்தேன்னு அம்மா நினைச்சுக்கிட்டு இருக்கு. நான் கோயிலுக்குள்ள போனேன். சாமி கும்பிடல ஆண்டவரே. பாறையில எழுத்து வெட்டியிருக்காங்க, அதத்தான் பாத்தேன். என்னன்னு டீச்சர்ட்ட கேட்டா, பாட்டுக்கு உண்டான சுரமாம். கல்லுல பாட்டு! எப்புடிப் பாடுறதுன்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டாங்க. அங்கிட்டு இருந்தவுக எல்லார்ட்டயும் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. அன்னையிலேருந்து எனக்கு அதே நெனப்பாவே இருக்கு. நான் வரலாறு படிக்கணும், கல்வெட்டு படிக்கணும். இந்த ஆச ஒம்மகிட்ட இருந்து வரலைன்னா, எங்க இருந்துதான் வந்துச்சுன்னு சொல்லும்."

அழுதுவிட்டேன். அழுகையில் எப்படி முடிப்பது என்பது மறந்துபோனது. 'இயேசுவின் நாமத்தில்' என்று சொல்லி 'ஆமென்' போட்டால்தான் எங்களுக்கு ஜெபம் முடிந்த கணக்கு. அது வரைக்கும் ஒருவரும் கண்ணைத் திறக்க முடியாது, வாயையும் திறக்க முடியாது. அத்தனை பேரும் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, நான் முடித்தால் என்னைக் கொல்லலாம் என்று காத்திருந்தார்கள். மூக்கை உறிஞ்சுவதைத் தவிர என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெரியப்பா ஒருமுறை இருமினார். இனி காலம் முழுக்க இப்படியே உட்கார்ந்திருப்போமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அப்போது என் தலைமேல் ஒரு கை விழுந்தது. கிரீஸ் வாசனை.

"இயேசுவின் நாமத்தில் கேக்குறோம் பிதாவே. ஆமென்" என்றார் அப்பா. கரகரவென்று சத்தமாக.

கேட்கிறோம் என்றார். நான் மட்டும் கேட்டதை அவரும் சேர்ந்து கேட்டார். எனக்கு அழுகை இன்னும் கூடியது.

அப்பா ஆமென் போட்டுவிட்ட பிறகு மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. பாஸ்டர் சொன்னார், பெரியப்பா சொன்னார், அம்மா சொன்னாள், கடைசியில் எஸ்தர் அத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமென்" சொன்னாள். கண்ணைத் திறந்ததும்தான் பிரளயம்.

"என்னடா தம்பி இது? பிள்ள வளத்த லெச்சணமா?"

"ஆமென் சொல்லியாச்சுக்கா. டீயக் குடிங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "ஏன்டி, ஒனக்கு வாயில்லையா? இத எங்கிட்ட நேர்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றாள். "நேர்ல சொன்னா முடிக்க விட்டிருப்பியாம்மா?" என்றேன். அவள் மறுபடியும் உள்ளே போனாள். பிறகு கேசரியைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா மட்டும் இரண்டு தட்டு சாப்பிட்டார். அத்தை தோற்றதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

வரலாறுதான் படித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். லீவு கிடைத்தால் கல்வெட்டு தேடிப் போகிறேன். அந்தப் பாறைச் சுரங்களை எப்படிப் பாடுவது என்று எனக்கு இன்னும் தெரியாது, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் டீச்சர் ஆனது தன் ஜெபத்தின் பலன் என்கிறார் பெரியப்பா. சாம் மச்சான் துபாயில் ஒரு நர்ஸையே கட்டிக்கொண்டதால், அது தன் ஜெபத்தின் பலன் என்கிறாள் அத்தை. இருவரும் அதைச் சபையில் எழுந்து சாட்சியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அன்றைய தேதியிலிருந்து எஸ்தர் அத்தை வீட்டில் ஒரு மாற்றம். யாருக்காகக் கூடினாலும் மௌன ஜெபம்தான். "ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும், அவங்கவங்க மனசுக்குள்ளயே சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். எங்கள் குடும்பத்தில் யாராவது உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தால், என் பேரைச் சேர்த்து, "பெனிட்டா ஜெபம் பண்ணியாச்சு" என்று இன்றும் சிரிக்கிறார்கள்.

போன வாரம் அத்தையின் கடைக்குட்டி ரூத் போன் செய்தாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டதாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம எங்க வீட்ல எனக்காக ஜெபம் வச்சிருக்காக. நீங்க கண்டிப்பா வரணும்."

"வாரேன்டி. ஒங்கம்மா மௌன ஜெபம்னுதான சொல்லும்?"

"சொல்லும்க்கா. நான் சத்தமா ஆரம்பிச்சிருவேன். எனக்கு அழுக வந்திருச்சுன்னா, நீங்க ஆமென் போட்ருங்க."