நெதானத்தண்ணனுக்கு வந்த அவசரம்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே வண்டியில் ஹாரன் என்று ஒன்று இருப்பதை மறந்து ஓட்டிய ஒரே டிரைவர் நெதானத்தண்ணன்தான். எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணுவேன். "அடிச்சா முன்னால போறவிங்க மனசு சங்கடப்படுமுங்க அம்மணி" என்பார். காந்திபுரம் சிக்னலில் டவுன் பஸ்ஸுக்கெல்லாம் வழிவிட்டு, மூன்று தடவை பச்சை விளக்கு எரிந்து அணைந்தபின் நாலாவதுக்குத்தான் கிளம்புவார். அந்த நிதானத்துக்கு வந்த பேர்தான் அது.

சிங்காநல்லூரில் ஒரு பார்சல் கம்பெனி டிப்போவில் நான் அப்போது ஷிப்ட் இன்சார்ஜ். பதினாலு கரண்டு வேன், பதினாலு டிரைவர், அத்தனை பேரையும் விரட்ட நான் ஒருத்தி. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஜென்மம். என்னிடம் போய் வந்து மாட்டினார் பாருங்கள் அந்த மனிதர்!

ஒரு நாள் ராமநாதபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் அவர் வண்டி முக்கால் மணி நேரமாக நகரவில்லை. போன் போட்டேன்.

"ஏனுங்ணா, அங்க என்னதான் பண்றீங்க?"

"ஊட்டுக்காரம்மா சீரியல் பாத்துட்டிருக்காங்க. அழுகற கட்டமுங்க. முடியட்டும்னு நிக்கறனுங்க."

"பெல்லை அடிங்க!"

"வெளம்பரம் வந்ததும் அடிச்சுப்போடறனுங்க அம்மணி."

இப்படிப்பட்டவர் கையில்தான் கம்பெனி ஒரு போன் ஆப்பைக் கொடுத்தது. பதினாலு வண்டிக்கும் ஒரே சமயத்தில் முழுசாகச் சார்ஜ் ஏற்ற எங்கள் டிப்போவுக்கு வருகிற கரண்டு பத்தாது. அதனால் மத்தியானம் முதல் ட்ரிப் முடிந்து வந்து வயரைச் சொருகியதும், அடுத்து எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று ஒவ்வொருத்தரும் போனில் தட்டவேண்டும். சீக்கிரம் போகிற வண்டிக்கு அதிகம், பிறகு போகிறதுக்குக் குறைவு என்று கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடுதான். நம் ஆட்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். மூணு மணிக்கும் நாலு மணிக்கும் கிளம்புகிறவர்கள்கூட 'ஒரு மணி' என்று தட்டினார்கள். பதிமூணு பேரும் ஒரு மணி! கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம். பதிமூணு பேருக்கும் சமமாகக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தது.

நெதானத்தண்ணன் மட்டும் 'சாயங்காலம் ஆறு' என்று தட்டுவார். "எல்லாரும் போட்டுக்கட்டுங்க, எனக்கென்னங்க?" கிளம்பவேண்டிய நேரத்துக்கு மிச்சம் மீதி ஏறிய சார்ஜில், சின்ன ஃபேனைக்கூடப் போடாமல், வேர்த்து ஒழுக ஓட்டுவார். நான் தலைதலையாய் அடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் மத்தியானம் வண்டியை விட்டு இறங்கியவர் முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஆனைமலையில் ஒரு பெண்ணுக்கு மறுநாள் காலை பேங்க் பரீட்சை. கண்ணாடி உடைந்துபோய், இங்கே கடையில் புதுசு செய்து பார்சலில் அனுப்பியிருக்கிறார்கள். இவர் காலையிலேயே கொண்டுபோயிருக்க வேண்டியது. முந்தின ராத்திரிச் சார்ஜிலும் வழக்கம்போல் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து அரைகுறைச் சார்ஜோடு கிளம்பியவர், பாதி வழியில் கிணத்துக்கடவு தாண்டியதும் இனி தாங்காதென்று திரும்பிவிட்டார்.

"அந்தப் புள்ளை போன் பண்ணுச்சுங்க. அவசரமில்லீங்ணா, ஆகறப்ப கொண்டாங்கன்னுச்சு."

"அதான் அவசரமில்லேன்னு சொல்லிட்டாளே?"

"நாஞ் சொல்ற மாதிரியே சொல்லுச்சுங்க அம்மணி. அழுதுட்டே சொல்லுச்சு. கண்ணாடி இல்லாட்டி கேள்வித்தாளே தெரியாதுங்களாமா. எல்லாம் என்னாலதானுங்க."

பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம் என்றால் கம்பெனிப் பார்சலைக் கைமாற்றக் கூடாது, வேலை போய்விடும். அவர் ஆப்பில் 'ஒரு மணி' என்று தட்டினார். என்ன பிரயோஜனம்? பதிமூணோடு பதினாலு. இருக்கிற கரண்டைப் பதினாலாகக் கிள்ளினால் சாயங்காலம்வரை எந்த வண்டியும் ஆனைமலை போய்ச் சேராது.

"மத்தவிங்ககிட்டப் போய் நேரத்தைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்க" என்றேன்.

போனார். மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒவ்வொருத்தராகக் குனிந்து என்னவோ கேட்டார். திரும்பி வந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டனுங்க, சாப்பிட்டாச்சுங்களான்னு. எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்களாமா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே போய்க் கத்துகிறேன் என்று எழுந்தேன். கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். "சோறு திங்கறாங்க, சத்தம் போடாதீங்க அம்மணி. நானே சொல்லிப்போடறேன்." மறுபடி போனார். நடுவில் நின்று, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"எனக்குக் கொஞ்சம் அவசரமுங்க."

அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பதிமூணு கையும் அப்படியே நின்றது. எங்கே போனாலும் முதல் ஆளாக முண்டுகிற செல்வராசு, வலது கையில் சோற்றோடு, இடது கையால் போனை எடுத்து 'நாலு மணி' என்று தட்டினான். "ஏனுங்ணா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்று அவரையே திட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். அந்த டிப்போவில் கம்ப்யூட்டரிடம் எல்லாரும் உண்மை பேசியது அன்றைக்குத்தான். அவர் வண்டிக்குச் சார்ஜ் மளமளவென்று ஏறியது.

"போறதுக்கு ஆச்சுங்க. வாரதைப் பொறவு பாத்துக்கலாம்" என்று கிளம்பிப் போனார்.

அஞ்சரைக்குப் போன் வந்தது. "குடுத்துப்போட்டனுங்க அம்மணி. போட்டுக்கிட்டு, செவுத்துக் காலண்டர்ல இருக்கற பொடி எழுத்தையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுச்சுங்க. ஒரு எழுத்து தப்பில்லீங்க."

"சார்ஜ் எவ்வளவு இருக்குங்ணா?"

"கொஞ்சமாத்தானுங்க இருக்குது. ஊர்ந்து வந்துபோடுவனுங்க."

என் ஷிப்ட் அஞ்சு மணிக்கே முடிந்திருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டியவள், என்னவோ வீட்டுக்குப் போகத் தோன்றாமல், கேட்டோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த மனிதர் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வரட்டும், பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது.