நாற்பதா, இருபத்திரண்டா?

"திரும்பவும் நாற்பது கொதிக்குதே!" என்று தேனி வீட்டில் மடிக்கணினி முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்தான் மதன்குமார். ஆடிக் காற்று ஆளையே தூக்குகிறது, இந்தச் சிப் மட்டும் எப்படிக் கொதிக்கும்?

தோட்டத்து மோட்டாரைத் தானே போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி. அதற்குள் போகும் மலிவுச் சிப்பை நாற்பது நானோமீட்டர் என்கிற பழைய தலைமுறையில் செய்வதா, இருபத்திரண்டு என்கிற புதியதில் செய்வதா? பழசு விலை குறைவு. புதுசு சூடாகாது என்று பேர், ஆனால் விலை கூடுதல். "எங்க ஊர்க்காரங்க வாங்குற விலையில செஞ்சு காட்டுறேன்" என்று பெங்களூரு மேலாளர் சுந்தர்ராஜிடம் மார்தட்டியிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

வகைக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகளைக் கோம்பையில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியம்மா முத்துலட்சுமியிடம், மோட்டார் ரூமில் மாட்டச் சொல்லிக் கொடுத்திருந்தான். உள்ளேயே பேட்டரி, சிம் கார்டு. தன் சூட்டின் அளவைத் தானே மடிக்கணினிக்கு அனுப்பும். காலையும் மாலையும் மட்டும் நாற்பதில் சூடு எகிறியது.

"பெரியம்மா, மோட்டார் ஓடுதா?"

"ஜம்முனு ஓடுதுய்யா. நீ சாப்ட்டியா?"

"அது கெடக்கட்டும். ரெண்டு பெட்டியவும் எடம் மாத்தி வைங்க."

மாற்றி வைத்தாள். மாலையில் இருபத்திரண்டு கொதித்தது. நாற்பது குளுகுளுவென்று இருந்தது.

"ரெண்டையும் சேத்து ஒரே எடத்துல வைங்க பெரியம்மா!"

வைத்தாள். இரண்டும் கொதித்தன.

வெள்ளிக்கிழமை சுந்தர்ராஜ் கூப்பிட்டார். "போன வெள்ளியும் ரொம்ப ஏறியிருக்கு. இன்னைக்குக் காலையிலயும் அதே கதை. சிப் என்னய்யா, வெரதமா?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா ரெண்டையும் விடு. இன்னும் புதுசு, பன்னிரண்டுல போயிருவோம்."

"சார், அந்த வெலைக்குப் பெட்டிய எவனும் தொடமாட்டான்!"

"அப்ப வேற வழி சொல்லு."

போனை வைத்தான் மதன்குமார். 'பன்னிரண்டுக்குச் சம்மதம்' என்று மின்னஞ்சல் எழுதி, அனுப்ப விரலை வைத்தான். பொழுது சாயும் நேரம். திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாக மேலே ஏறின. ஆத்திரம் தாங்காமல் கோம்பைக்குப் போன் போட்டான். பெரியம்மாவின் மருமகள் நாகஜோதி எடுத்தாள்.

"மதினி, மோட்டார் ரூம் சன்னலயாவது தெறந்து விடுங்க, பெட்டி ரெண்டும் வேகுது!"

"மோட்டார் ரூமா? நல்லாருக்கே கொழுந்தனாரே! ஆடி மாசம் புதுசா எதையாச்சும் மாட்டுவாகளா? மோட்டார அத்தைதான் கையால போடுறாக. ஒங்க பெட்டி ரெண்டும் சாமி ரூம்ல குத்துவெளக்கை ஒட்டி இருக்கு. வெள்ளிக்கிழமைல்ல, இப்பத்தான் அஞ்சு திரியையும் ஏத்துனாக!"